பேட்டரிக்கும் ஒரு டிரெட்மில் டெஸ்ட்

1/ தர்மபுரி மாவட்டத்துல மலைக்கிராமங்களுக்குப் போற ஒரு நடமாடும் மருத்துவ வண்டியில கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அந்த வண்டியோட பேட்டரி ஒருநாள் என்னைக் கைவிட்ட கதை இது. வீட்டுல இன்வெர்ட்டர் வெச்சிருக்கிறவங்க, முக்கியமா வீட்டுல நெபுலைசரோ ஆக்சிஜன் மெஷினோ ஓடுறவங்க, கடைசி வரைக்கும் படிங்க.

2/ அந்த மாதிரி வண்டியில ரெண்டு பேட்டரி இருக்கும். ஒன்னு இன்ஜின் ஸ்டார்ட் பண்ண. இன்னொன்னு உள்ளே லைட், ஃபேன், நெபுலைசர் ஓட்ட. வெளிநாட்டுல கேரவன்ல ஊர் சுத்துறவங்க இந்த ரெண்டாவதை 'லெஷர் பேட்டரி'னு சொல்வாங்க. ஓய்வா டீ போட, டிவி பார்க்க அவங்களுக்கு அது. எங்களுக்கு அது குழந்தைங்களோட மூச்சு.

3/ பென்னாகரம் பக்கம் ஒரு மலைக்கிராமம். முகாம் முடியிற நேரம். மழை வந்து கரண்ட் போயிடுச்சு. ஒரு அம்மா ஆறு வயசுப் பையனைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. மூச்சு இழுக்குது, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போகுது, முழு வாக்கியமா பேச முடியல. ஆக்சிஜன் அளவு 93.

4/ இன்வெர்ட்டரைப் போட்டேன். மீட்டர்ல 12.7 வோல்ட். ஃபுல் சார்ஜ்! நெபுலைசரை ஆன் பண்ணினேன். ஒரு நிமிஷம்கூட ஆகல. லைட் மங்குச்சு, இன்வெர்ட்டர் 'கீ கீ'ன்னு கத்திட்டு நின்னுடுச்சு. இருட்டுல அந்தப் பையன் மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்குது.

5/ டிரைவர் அண்ணன் ஓடிப்போய் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணார். இன்வெர்ட்டர் திரும்ப உயிர் வர ரெண்டு மூணு நிமிஷம் ஆச்சு. அதுக்குள்ள பையில இருந்த இன்ஹேலரையும் ஸ்பேசரையும் எடுத்து, செல்போன் வெளிச்சத்துல ஒவ்வொரு பஃப்பா கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமா இழுப்பு குறைஞ்சது. அதே வண்டியில கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தோம். பையன் நல்லாயிட்டான்.

6/ ஒரு மருத்துவச் செய்தி: ஸ்பேசரோட சரியா கொடுத்தா, பெரும்பாலான ஆஸ்துமா இழுப்புக்கு இன்ஹேலரும் நெபுலைசர் அளவுக்கே வேலை செய்யும். அதுக்குக் கரண்ட் வேண்டாம். ஆஸ்துமா குழந்தை இருக்கிற வீட்டுல ஸ்பேசர் கட்டாயம் இருக்கணும்.

7/ சரி, 12.7 காட்டின பேட்டரி ஏன் படுத்துச்சு? மறுநாள் தர்மபுரியில பேட்டரி கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லா விட்டுப் பார்த்தார். அஞ்சு செல்லுல 1240 பக்கம். மூணாவது செல்லுல 1160. "சார், இது ஒன்னு போச்சுன்னா மீதி அஞ்சும் இருந்தும் பிரயோஜனம் இல்ல"ன்னார்.

8/ மலையேறி வந்த கையோட மீட்டர் பார்த்ததும் என் தப்பு. இன்ஜின் ஓடி நின்னதும் பேட்டரி கொஞ்ச நேரம் பொய்யான வோல்டேஜ் காட்டும். சில மணி நேரம் சும்மா விட்டுப் பார்த்தாதான் உண்மை தெரியும். அதுவும் பாதி உண்மைதான்.

9/ எங்க பாஷையில சொல்றேன். நெஞ்சு வலின்னு வர்றவருக்குப் படுக்க வெச்சு ஈசிஜி எடுத்தா சில நேரம் நார்மலா இருக்கும். டிரெட்மில்ல ஓட விட்டாதான் அடைப்பு வெளியே தெரியும். பேட்டரியும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது எல்லாம் நல்லாத்தான் இருக்கும். லோடு கொடுத்தாதான் சாயம் வெளுக்கும்.

10/ எப்படிக் கெட்டுச்சு? மாத்தும்போது யாரோ விலை கம்மின்னு வண்டி ஸ்டார்ட் பண்ற பேட்டரியைப் போட்டிருக்காங்க. அதுல தகடு மெல்லிசு. ஒரு நொடி நிறைய கரண்ட் கொடுக்கும். மணிக்கணக்கா ஓட்ட டீப் சைக்கிள் பேட்டரிதான் வேணும். அதுல தகடு தடிமன். வீட்டு இன்வெர்ட்டருக்கு டியூபுலர்னு கேட்டு வாங்குறோமே, அந்த வகை.

11/ அதோட முகாம் முடிஞ்சா சார்ஜ் இறங்கின நிலையிலேயே நாள் கணக்கா வண்டி நிக்கும். அப்போ தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு கெட்டியாயிடும். அப்புறம் சீக்கிரம் 'ஃபுல்' ஆகும், சீக்கிரம் காலியும் ஆகும். தண்ணி குறைஞ்சா போர் தண்ணி ஊத்தினதும் உண்டு. நம்ம மாவட்டத்துத் தண்ணி பத்தி உங்களுக்கே தெரியும். ஃப்ளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டு வந்தாங்க. அந்த உப்புத் தண்ணி பேட்டரிக்கும் ஆகாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

12/ இதுல கசப்பான விஷயம் ஒன்னு இருக்கு. ரெண்டு மாசம் முன்னாடியே டிரைவர் அண்ணன் சொன்னார்: "சார், மெஷின் போட்டா லைட் மங்குது, பேட்டரியைப் பாக்கணும்." நான் சொன்னது: "அடுத்த மாசம் பாத்துக்கலாம்ணே." இதே பதிலை நோயாளிங்க சொன்னா நான் எவ்ளோ திட்டியிருப்பேன்!

13/ இப்போ உங்க வீட்டுக்கு வர்றேன். 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் சுமார் 300 முதல் 350 வாட்ஸ் இழுக்கும். புது 150 ஏஎச் பேட்டரியில, ஆயுள் கெடாம பாதி வரைக்கும் பயன்படுத்தினா, ரெண்டு மணி நேரம் ஓட்டலாம். பழசுன்னா எவ்ளோன்னு டெஸ்ட் பண்ணாம சொல்லவே முடியாது.

14/ டெஸ்ட் இப்படி: நோயாளியை மெஷின்ல வெச்சுப் பார்க்காதீங்க. 75 வாட்ஸ் ஃபேன் நாலு போட்டா 300 வாட்ஸ். முழுசா சார்ஜ் ஆனதும் மெயினை அணைச்சுட்டு நேரம் பாருங்க. அரை மணி நேரத்துல இன்வெர்ட்டர் கத்தினா, பேட்டரியை மாத்துங்க. மாசம் ஒருமுறை பண்ணுங்க. எப்படி இருந்தாலும் ஒரு சிலிண்டர் தனியா இருக்கட்டும்.

15/ பேட்டரி இருக்கிற இடத்துல காத்து வரணும், நெருப்பு ஆகாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். ஆசிட் கண்ணுல பட்டா உடனே நல்ல தண்ணியில 20 நிமிஷமாவது விடாம கழுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

16/ புது பேட்டரி போட்ட அன்னைக்கு, முகாமுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அண்ணன் நெபுலைசரைச் சும்மா ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து லைட்டைப் பார்த்துட்டு, "இப்போ போலாம் சார்"ன்னார். அதுக்கப்புறம் ஒவ்வொரு முகாமுக்கும் அதே டெஸ்ட் நடந்தது.

இந்த ஞாயித்துக்கிழமை நீங்களும் பண்ணிப் பாருங்க.