நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பிறகு

டொரண்டோ

அன்புள்ள அக்காவுக்கு,

"ஸ்கேன் நார்மல்னுட்டாங்க. பத்து நாளாச்சு, தலைவலி மட்டும் போகலை. டியூஷனுக்குப் போகாம இருக்க நடிக்கிறானோன்னு மாமா சந்தேகப்படறாரு" என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். உன் பையன் நடிக்கவில்லை, இதை முதலில் மாமாவிடம் சொல். சி.டி. ஸ்கேன் தேடுவது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும்தான். மூளை அதிர்ச்சி அதில் தெரியாது. சர்வீஸ் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்த வேகத்தில் மண்டைக்குள் மூளை குலுங்கியிருக்கிறது. எதுவும் உடையவில்லை, ஆனால் நரம்பணுக்களின் வேலை சில வாரங்களுக்குத் தாறுமாறாகிவிடும். படம் சுத்தமாக வரும், வலி இருந்துகொண்டே இருக்கும்.

கனடாவில் குழந்தைகளுக்கான 9 அவசரப் பிரிவுகளுக்கு இப்படி அடிபட்டு வந்த 3,063 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒட்டாவா மருத்துவர் ரோஜர் ஸெமெக் குழுவின் அந்த ஆய்வு 2016இல் வெளியானது. நான்கு வாரம் கழித்தும் பத்தில் மூன்று பேருக்குத் தொந்தரவு தீரவில்லை. பெண் பிள்ளைகள், பதின்ம வயதினர், முன்பே ஒற்றைத் தலைவலி இருந்தவர்கள் இவர்களுக்கெல்லாம் நாள் கூடுதலாகிறது. காலை டிபனைத் தவறவிட்டால் இவனுக்கு ஒரு பக்கம் இடிக்கும் என்று முன்பு சொல்வாயே, அதை டாக்டரிடம் சொன்னாயா?

நீ அவனை இருட்டறையில் படுக்க வைத்திருப்பது பழைய வைத்தியம். இங்கேயும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஒரு சாராருக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு, இன்னொரு சாராருக்கு ஐந்து நாள் முழு ஓய்வு என்று கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து நாள் படுத்தவர்கள்தான் அதிகத் தொந்தரவு சொன்னார்கள். நயாகராவைத் தாண்டினால் பஃபலோ. அங்கே 2019இல் வெளியிட்ட ஆய்வில், வலி கூடாத அளவுக்குத் தினமும் நடையோ சைக்கிளோ பழகிய பிள்ளைகள் 13 நாளில் தேறினார்கள். கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. ஆகவே ஜன்னலைத் திற. காலையில் லாரி ஓட்டம் குறைவான தெருவில் அவனோடு இருபது நிமிடம் நட. தலை இடித்தால் திரும்பிவிடு, மறுநாள் மறுபடி போ.

முதல் இரண்டு நாள் அசையாமல் கிடக்கட்டும் என்று கையில் போனைக் கொடுத்தாயாம். மாசச்சூசெட்ஸில் நடந்த ஓர் ஆய்வில், அடிபட்ட முதல் 48 மணி நேரம் திரையை விலக்கியவர்கள் மூன்றரை நாளில் தேறினார்கள், பார்த்தவர்களுக்கு எட்டு நாள் பிடித்தது. போனது போகட்டும். இனி இரவில் போன் உன்னிடமே இருக்கட்டும். அடுத்த முறை யார் வீட்டுப் பிள்ளைக்காவது இப்படி ஆனால் சொல்வாய் அல்லவா.

சத்தம்தான் எனக்குக் கவலை. தலையில் அடிபட்ட பிள்ளைக்குப் பாத்திரம் விழுந்தாலே குத்தும். நம் வீடோ சிப்காட்டை ஒட்டி. உருட்டாலை இரும்புச் சத்தம், இரவெல்லாம் ஏர்ஹாரன், மாமா நைட் ஷிப்ட் முடித்து வரும்போது கேட் சத்தம். டாக்டர் எழுதும் 'அமைதியான சூழல்' கும்மிடிப்பூண்டியில் எந்தக் கடையில் கிடைக்கும்? சமையலறைப் பக்கத்து உள்ளறையில் அவனைப் படுக்க வை. ராத்திரி தூங்க விடாமல் எழுப்பி எழுப்பிப் பார்க்கும் வேலையை நிறுத்து. இனி அவனுக்குத் தூக்கம்தான் பெரிய மருந்து.

மாத்திரைக்கு வருகிறேன். பாராசிட்டமால் போதும், டாக்டர் அவன் எடைக்கு எழுதிய அளவில். ஆனால் தினமும் வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாளைத் தாண்டினால் மாத்திரையே தலைவலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெடிக்கல் ஷாப்பில் தரும் ஆஸ்பிரின் கலந்த தலைவலி மாத்திரை இந்த வயதில் கூடாது. சுக்குப் பற்று போடு, கெடுதல் இல்லை. கழுத்தும் இழுக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லி பிசியோதெரபி கேள், பாதி வலி அங்கிருந்தும் வரும். நான்கு வாரம் தாண்டினால் திருவள்ளூர் மருத்துவக் கல்லூரிக்கோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப் போ.

வலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினால் எழாவிட்டாலோ இந்த மடலை மடித்து வைத்துவிட்டு 108க்கு அடி.

ஹெல்மெட் பற்றி மாமாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். நான்கு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் சட்டப்படி அது கட்டாயம், பின்சீட்டுப் பிள்ளைக்கும்தான்.

நம் தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில்தான் அவனுக்குச் செலவில்லாமல் பார்த்தார்கள் என்றாய். விபத்தில் சிக்கியவர் ஒடிசாக்காரரோ பீகார்காரரோ, முதல் 48 மணி நேரம் கைக்காசு இல்லாமல் சிகிச்சை. இங்கே எமர்ஜென்சியில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும். என் ஆதங்கம் 49ஆவது மணி நேரத்தைப் பற்றியது. பிள்ளையை அனுப்பும்போது எப்போது பள்ளி, எப்போது விளையாட்டு, எத்தனை மாத்திரை என்று ஒரு தாள் கொடுக்க ஆகும் செலவு என்ன? இந்தத் தலைவலிக்கு முக்கால்வாசி வைத்தியம் நேர அட்டவணைதான். அதை மாற்றும் அதிகாரம் பள்ளிக்கும் டியூஷனுக்கும் ஷிப்ட் சூப்பர்வைசருக்கும் இருக்கிறது, டாக்டருக்கு இல்லை.

கபடிக்குத் திரும்ப அவன் அவசரப்பட வேண்டாம். ஒட்டாவாவில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண், பள்ளி ரக்பி அணியின் கேப்டன். 2013 மே மாதம் முந்தைய அடி ஆறுமுன்பே மறுபடி ஆடி, மறுபடி அடிபட்டு இறந்துபோனாள். 2018இல் ஒண்டாரியோ அவள் பெயரிலேயே சட்டம் போட்டது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும், படிப்படியாகத்தான் திரும்ப விட வேண்டும். கிரிக்கெட்டிலும் தலையில் அடிபட்டவருக்குப் பதில் ஆள் இறக்கும் விதி 2019இல் வந்தது. 2020இல் கான்பராவில் ஹெல்மெட்டில் அடிபட்ட ஜடேஜாவுக்குப் பதில் சஹால் இறங்கினாரே, நம் சேலத்து நடராஜன் முதன்முதலாக சர்வதேச டி20 ஆடிய அதே மேட்ச். பள்ளிக் கபடிக்கு அவ்வளவு விதி எல்லாம் வேண்டாம், "போதும்டா, உக்காரு" என்று சொல்ல ஒரு பெரியவர் இருந்தால் சரி.

பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதி இணைத்திருக்கிறேன். முதல் வாரம் அரை நாள், தலை வலித்தால் பத்து நிமிடம் வெளியே உட்கார அனுமதி, தேர்வுக்குக் கூடுதல் நேரம், முழு நாள் வகுப்பைத் தாங்கும் வரை டியூஷனும் கபடியும் இல்லை என்று நான்கு கேட்டிருக்கிறேன். டாக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கித் தலைமையாசிரியரிடம் நீயே நேரில் கொடு. மாமாவை அனுப்பாதே, பாதியிலேயே விட்டுக்கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

அன்புடன்,
தம்பி