நல்லதங்காளும் நீதிமன்றமும்

பெண்ணொருத்தி கொலை செய்தாள் என்ற செய்தி வந்துவிட்டால் போதும். நம் விடுதிப் படிப்பறையில் அன்றைய நாளிதழ் கிழியும்வரை கைமாறும். ஆண் செய்த கொலைகள் அதே தாளில் நான்கு இருக்கும். அவற்றை யாரும் படிப்பதில்லை. பெண் செய்தாள் என்றால் மட்டும் அவள் முகம் எப்படி, உடை எப்படி, அழுதாளா, சிரித்தாளா என்று ஆராய்ச்சி நடக்கும்.

2025ஆம் ஆண்டு ஜனவரியில் இந்த ஆராய்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. கேரளத்தில் ஒரே மாதத்தில் இரண்டு தீர்ப்புகள் வெளிவந்தன. பாலக்காட்டு மாவட்டம் மண்ணார்க்காட்டில், 2016இல் மூதாட்டி ஒருவரை நஞ்சிட்டுக் கொன்ற குற்றத்துக்காக அவருடைய பேரனுக்கும் அவன் மனைவிக்கும் ஆயுள் தண்டனை. தெற்கே நெய்யாற்றின்கரையில், 2022 அக்டோபரில் தன் காதலனுக்குக் கஷாயத்தில் களைக்கொல்லி கலந்து கொடுத்துக் கொன்ற கிரீஷ்மா என்ற இளம்பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை. ‘கஷாயம்’ என்ற சொல்லே சில நாள் நம் விடுதியில் கேலிச் சொல்லாகிவிட்டது. உணவறையில் யாராவது மிளகு ரசத்தை நீட்டினால், “நீ முதலில் குடி, அப்பா!” என்று சிரித்தார்கள்.

இந்த இரு வழக்குகளிலும் சட்டத்துக்குப் பெரிய குழப்பம் ஒன்றும் இல்லை. தன் நலத்துக்காக, முன்பே எண்ணி, நம்பியிருந்தவரை வஞ்சித்துக் கொன்றவருக்கு ஆண் என்றும் பெண் என்றும் வேறு நியாயம் கேட்க முடியாது. நான் எழுத வந்தது வேறொரு பெண்ணைப் பற்றி. அவளுக்காக நாளிதழ் கிழிவதில்லை. ‘குடும்பத் தகராறு’ என்ற தலைப்பில் மூன்று வரியோடு அவள் கதை முடிந்துவிடும்.

அவளை நான் முதலில் அறிந்தது நாளிதழில் அன்று. என் அப்பத்தாவின் மடியில். எங்கள் குடும்பம் இடுக்கி மாவட்டத்து மலையில் தேயிலைத் தோட்டத்தை நம்பி மூன்று தலைமுறையாக வாழ்கிறது. கங்காணிமார் கூட்டி வந்த நாளில் போடிநாயக்கனூர் வழியாக மலையேறிய எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வந்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்த சொத்து அதிகமில்லை. பானை, பாய், குலதெய்வத்தின் பிடிமண், சில கதைகள். அந்தக் கதைகளுள் ஒன்று நல்லதங்காள்.

கதை நாம் அறிந்ததுதான். பஞ்சம் பொறுக்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் நல்லதம்பி வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பின்பு உளுத்த கேழ்வரகும் ஓட்டைச் சட்டியும் ஈர விறகும் கொடுத்து அவமதிக்கிறாள். மானம் பொறுக்காதவள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் வீசித் தானும் விழுந்து மாய்கிறாள். அந்தக் கிணறு இருந்ததாகச் சொல்லப்படும் அருச்சுனாபுரம், வத்திராயிருப்புக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே அவளுக்குக் கோயிலும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் கோயில். இந்தப் பக்கம் எங்கள் லயங்கள்.

கதை முடிந்ததும் அப்பத்தா நல்லதங்காளை ஒரு சொல் வையமாட்டாள். “அந்த மூளி ஒரு வாய்க் கஞ்சி ஊத்தியிருந்தா எட்டு உசிரும் பொழைச்சிருக்கும்” என்பாள். பிள்ளைகளை வீசிய கையை விட்டுவிட்டுக் கதவைச் சாத்திய கையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது எங்கள் லயத்துத் தீர்ப்பு.

எல்லைகள் மாறியும் இந்தக் கதை மாறவில்லை. 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தோடு நின்றன. ஆயினும் 1950இல் மலையாளத்தில் ‘நல்ல தங்க’ என்று படமாக ஓடிய கதையே 1955இல் தமிழிலும் படமாயிற்று. என் அறை நண்பர் பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர். தென்னந்தோப்பும் கடலைக் காடுமாகக் கொங்குத் தமிழ் பேசும் ஊர். அவரும் தம் அம்மாயி வாயால் இதே கதையைக் கேட்டு வளர்ந்தவர். நாங்கள் இருவரும் பல இரவு இதைப் பற்றி வாதாடியிருக்கிறோம்.

வாதத்துக்குக் காரணம் ஒரு தீர்ப்பு. சட்டம் படிக்கத் தொடங்கிய முதலாண்டில் ஆசிரியர் ஒரு நாள் ‘சுயம்புக்கனி வழக்கு’ என்று பெயர் சொன்னார். கணவன் செய்த கொடுமை தாளாமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்த ஒரு தாயின் வழக்கு. குழந்தைகள் இறந்துவிட்டன, அவள் பிழைத்துக்கொண்டாள். பிழைத்தவளைச் சட்டம் கொலைகாரி என்று கூண்டில் ஏற்றியது. மேல்முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 1989ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அது பதிவாகியிருக்கிறது. அந்த மன்றம் அவள் நிலைக்கு ஒரு பெயர் தேடியபோது எங்கே போய் எடுத்தது தெரியுமா? என் அப்பத்தாவிடம் இருந்த அதே பெட்டியிலிருந்து! ‘நல்லதங்காள் நோய்க்கூறு’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வகுப்பில் அதைக் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது. தெருக்கூத்திலும் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்திலும் வாழ்ந்தவள் சட்ட நூலுக்குள் நுழைந்துவிட்டாள்!

இதன் அருமை புரிய வேண்டுமானால் சட்டத்தில் ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவு கொலை இன்னது என்று சொல்லிவிட்டுச் சில விலக்குகளையும் தருகிறது. முதல் விலக்கு, சினமூட்டல். ஒருவர் கடுமையாகவும் திடீரென்றும் சினமூட்டப்பட்டுத் தன்வயம் இழந்து கொன்றுவிட்டால் அது கொலையாகாத குற்றமாகும், தண்டனை குறையும். ‘திடீரென்று’ என்பதுதான் அந்தச் சொல்.

இந்தச் சொல் பட்ட பாட்டுக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு நானாவதி வழக்கு. 1959இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றார். மனைவி உண்மையைச் சொன்னதற்கும் சுட்டதற்கும் இடையே சுமார் மூன்று மணி நேரம் கழிந்திருந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் திரையரங்கில் விட்டார். கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கினார். சினம் ஆறுவதற்குப் போதிய நேரம் இருந்தது என்று சொல்லி 1961இல் உச்சநீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. சட்டப்படி அது சரியான கணக்கு. நேரம் ஆக ஆகச் சினம் ஆறும் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை.

ஆனால் பத்தாண்டு அடிபட்டவளுக்கு நேரம் ஆக ஆக ஆறுமா? அடித்த கணத்தில் திருப்பி அடிக்க அவளுக்கு உடல் வலுவில்லை. வெளியேறிப் போக வீடில்லை. இன்று பட்டது நேற்றுப் பட்டதன்மேல் படிகிறது. கடைசியில் ஒரு நாள், உப்புக் குறைந்தது என்று எறிந்த ஒரு தட்டு போதும், அவள் எல்லை கடந்துவிடுவாள். கணக்குப் பார்க்கிற வழக்கறிஞர் எழுந்து, “தட்டு எறிந்ததற்கா உயிர் போயிற்று?” என்று கேட்பார். சுயம்புக்கனி வழக்கில் உயர்நீதிமன்றம் இதைத்தான் கண்டுகொண்டது. திடீர்ச் சினமூட்டல் வேறு, தொடர்ந்த சினமூட்டல் வேறு. தொடர்ந்த கொடுமையில் கடைசிச் செயல் அற்பமாகக்கூட இருக்கலாம். சட்டத்தில் எழுதியுள்ள விலக்குகளுக்குள் அது நேராக அடங்காவிட்டாலும் தனி விலக்காகக் கொள்ள இடமுண்டு என்பது அதன் கருத்து. பின்வந்த வழக்குகளிலும் இது எடுத்துக்காட்டப்பட்டது.

இதே கேள்வி அந்த நாளில் உலகின் மறுகோடியிலும் எழுந்திருந்தது. கனடாவில் வின்னிபெக் நகரில் 1986இல் லின் லவாலி என்ற இளம்பெண், தன்னோடு வாழ்ந்து தன்னை ஓயாமல் அடித்து வந்தவனைச் சுட்டுக் கொன்றாள். விருந்தினர் போனபின் உன்னைக் கொல்வேன் என்று அவன் மிரட்டியிருந்தான். அறையை விட்டு அவன் வெளியேறும்போது பின்னாலிருந்து அவள் சுட்டாள். முதுகு காட்டிப் போகிறவனால் அந்தக் கணத்தில் என்ன ஆபத்து என்பது வாதம். 1990இல் கனடா உச்சநீதிமன்றம் அவளுடைய விடுதலையை நிலைநிறுத்தியது. தீர்ப்பை எழுதியவர் பெர்த்தா வில்சன். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் நீதிபதி. மதுக்கடையில் சண்டையிடும் இரண்டு ஆடவர்க்கென ஆக்கிய அளவுகோலால், அடிபட்டு வாழும் மனைவியின் அச்சத்தை அளக்க முடியாது என்பது அவர் காட்டிய வழி. அதற்கு அவர் உளநூலார் சாட்சியத்தைத் துணைக்கொண்டார். நம் உயர்நீதிமன்றமோ, அதற்கு ஓராண்டு முன்பே, ஒரு நாட்டுக்கதையைத் துணைக்கொண்டு அதே வாயிலைத் தட்டியிருந்தது. இங்கிலாந்தில் கணவன்மீது தீ வைத்த பஞ்சாபிப் பெண் கிரண்ஜித் அலுவாலியாவின் ஆயுள் தண்டனை 1992இல் நீங்கியது. ‘திடீர்’ என்ற நிபந்தனையையே அந்த நாடு 2010இல் கைவிட்டது.

இவ்வளவும் சொன்னபோது கொழிஞ்சாம்பாறை நண்பர் ஒரே கேள்வி கேட்டார்: “லவாலி கொன்றது தன்னை அடித்தவனை. நல்லதங்காள் கொன்றது யாரை? அந்த மூத்த பையன் என்ன பாவம் செய்தான்?”

நல்ல கேள்வி. கதையில் மூத்த பிள்ளை சும்மா இருக்கவில்லை. தம்பி தங்கைகள் கிணற்றில் விழுவதைப் பார்த்து, “அம்மா, என்னை விட்டுவிடு, நான் பிழைத்துக்கொள்கிறேன்” என்று கெஞ்சி ஓடினான். விரட்டிப் பிடித்து அவனையும் வீசினாள். அப்பத்தா கதை சொல்லும்போது இந்த இடத்தில் அவள் குரல் தாழ்ந்துபோகும், நாங்கள் மூச்சுவிடமாட்டோம். அவளுக்காக எவ்வளவு இரங்கினாலும் ஓடிய அந்தப் பிள்ளையின் காலடியோசையை மறக்கக் கூடாது. பிள்ளை தாயின் உடைமை அன்று. ‘நான் போனால் இவர்களுக்கு யார்?’ என்ற எண்ணத்தை நாம் தாய்மை என்று போற்றிப் பாடியதும் ஒரு வகையில் அந்தக் கிணற்றை ஆழப்படுத்தியிருக்கிறது.

ஆகவே, நண்பரிடம் நான் சொன்ன மறுமொழி இதுதான். உயர்நீதிமன்றம் அவள் செயலை நியாயம் என்று சொல்லவில்லை. குற்றம் குற்றமாகவே நின்றது. அதன் பெயரும் எடையும்தான் மாறின. நஞ்சு கலந்தவளையும் நம்பிக்கையிழந்து குதித்தவளையும் ஒரே தராசில் ஒரே படிக்கல்லிட்டு நிறுக்காதே என்றது. அவர் முழுதும் ஒப்பவில்லை. “பெயரை மாற்றலாம், பையன் திரும்பி வரமாட்டான்” என்றார். அதுவும் உண்மைதான்.

பையன் திரும்பி வரமாட்டான் என்பதால்தான் தீர்ப்புக்கு முந்திய நாட்களைப் பற்றி நினைக்க வேண்டியிருக்கிறது. எங்கள் லயத்து வீடுகளுக்கு இடையே ஒற்றைச் சுவர். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். அடித்தாலும் கேட்கும். மறுநாள் காலை கொழுந்துக் கூடையோடு வரிசையில் நிற்கும் பெண்ணின் வீங்கிய கன்னத்தை எல்லாரும் பார்ப்பார்கள். “குளிர்ல பல்லு வலி” என்பாள் அவள். ஆமாம் என்று தலையாட்டுவார்கள். 2015 செப்டம்பரில் இதே மூணாற்றுத் தமிழ்ப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு, கூலிக்கும் போனசுக்கும் சாலையில் அமர்ந்து மாநிலத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள். அத்தனை துணிவுள்ளவர்கள்கூடச் சுவருக்கு அப்பால் கேட்கும் ஓசைக்கு மட்டும் ‘அது அவங்க வீட்டு விஷயம்’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

சட்டம் அப்படி ஒதுங்கச் சொல்லவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவைத் தோழர்கள் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். அடிபடுகிறவளே வந்து சொல்ல வேண்டும் என்பதில்லை. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தவர்மீது வழக்கு வராது என்றும் அதே பிரிவு உறுதி சொல்கிறது. இரண்டு மாநிலத்துக்கும் இதே சட்டம். எல்லைச் சாவடி இதற்கு இல்லை.

2024 ஜூலை 1இல் பழைய தண்டனைச் சட்டம் போய்ப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பிரிவுகளின் எண்கள் மாறின. கொலையைச் சொல்லும் பிரிவு இப்போது 101. ஆனால் அதன் முதல் விலக்கில் ‘திடீர்’ என்ற சொல் அப்படியே இருக்கிறது. அதை மாற்றும் பொறுப்பு சட்டமன்றங்களுக்கும் நாளைய வழக்கறிஞர்களாகிய நமக்கும் உரியது; ஆண்டுகள் ஆகலாம். 4ஆம் பிரிவுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். மலையிலும் தோப்பிலும் இருந்து வந்து இங்கே படிக்கும் நாம், விடுமுறைக்கு ஊர் போகும்போது இந்த ஒரு செய்தியை நம் வீட்டுப் பெண்களிடமும் அடுத்த வீட்டுப் பெண்களிடமும் தமிழில் சொல்லிவிட்டு வரலாம். கதவைச் சாத்தியவளை வைவதற்கு அப்பத்தாவுக்கு உரிமை இருந்தது. நமக்குக் கதவைத் திறந்து வைக்கும் கடமையும் இருக்கிறது.