காரின் நோயும் காரின் வயதும்

டெல்லி ஐடிஓ சிக்னலில் பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் ஆட்டோக்கள் அலறின. வெள்ளை மாருதி 800 மட்டும் நகரவில்லை. இன்ஜின் நின்றுபோயிருந்தது, அன்று காலையில் மூன்றாவது முறையாக. "என்னங்க, பேசாம இதை வித்துடலாமே" என்றார் மனைவி. ஓய்வுபெற்ற மத்திய அரசு அலுவலரான அவர் பதில் சொல்லாமல் மறுபடி சாவியைத் திருகினார்.

அது 2014 டிசம்பர். 1998 தீபாவளிக்கு வாங்கிய கார். மகள் ஓட்டப் பழகியது அதில்தான். மயூர் விஹாரிலிருந்து ஆர்.கே.புரம் மலை மந்திருக்கு மனைவியை அழைத்துப் போவதும் அதில்தான். 15 ஆண்டுப் பதிவு முடிந்ததும் 2013ல் புதுப்பித்திருந்தார். ஆனால் நவம்பர் 26ஆம் தேதி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 15 வயது தாண்டிய வாகனங்கள் டெல்லியில் ஓடக் கூடாது என்று உத்தரவிட்டுவிட்டது. இந்த நிலையில் காருக்குச் செலவு செய்வதா, கழித்துக்கட்டுவதா?

வீட்டருகே இருந்த பட்டறையில், கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். அவருக்கு ஒரு சந்தேகம். சாலையில் ஒழுங்காக ஓடும் கார், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஏன் குலுங்கி நிற்கிறது? உதிரி பாகக் கடைகள் நிறைந்த கஷ்மீரி கேட்டில் ஒரு வயதான சர்தார்ஜி மெக்கானிக்கிடம் போனார். "பஹலே சுனோ, சாப்" என்றார் அவர். முதலில் கேளுங்கள், கழற்றுவது பிறகு.

அந்த இன்ஜினில் மூன்று சிலிண்டர்கள். ஓடும்போதே, உறை போட்ட இடுக்கியால் ஸ்பார்க் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ஒவ்வொரு முறையும் சத்தம் தொய்ந்தது. அப்படியானால் மூன்றும் வேலை செய்கின்றன. ஏற்கெனவே செத்த சிலிண்டர் என்றால் சத்தத்தில் மாற்றமே இருக்காது. இதையும் ஓரிரு விநாடிகளுக்குள் முடித்தார். டெல்லியில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம். எரியாத பெட்ரோல் அதில் போய்ச் சேர்ந்தால் அது கெட்டுவிடும்.

அடுத்து, இன்ஜின் சூடாக இருக்கும்போதே சோக்கைக் கொஞ்சம் இழுத்தார். குலுக்கல் அடங்கியது. சோக் இழுத்தால் காற்று குறையும், கலவையில் பெட்ரோல் கூடும். அதில் இன்ஜின் தெளிகிறது என்றால், கார்புரேட்டர் வழியாக வராத திருட்டுக் காற்று வேறெங்கோ நுழைகிறது என்று அர்த்தம். வேகமாகப் போகும்போது இன்ஜின் இழுக்கும் காற்று மிக அதிகம். இந்தச் சிறு கசிவு அதில் கரைந்துவிடும். ஐட்லிங்கில் இன்ஜினுக்குத் தேவையான காற்றே கொஞ்சம்தான். அப்போது இதுவே கலவையைக் கெடுக்கப் போதும்.

சர்தார்ஜி மெல்லிய ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கினார். ஒன்றை நசுக்கியதும் இன்ஜின் சீரானது. அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெடிப்பு. புதுக் குழாய்க்கு ஆனது ஒரு டிபன் காசு. கார்புரேட்டர் நிரபராதி!

மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனையிலும் கார் தேறியது. இது போன்ற பழைய பெட்ரோல் கார்களுக்கு அந்தச் சோதனையை ஐட்லிங்கில்தான் செய்வார்கள். புகைக்குழாயில் வரும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் கருவி அளக்கிறது. ஆனால் உத்தரவு பார்த்தது புகையை அல்ல, பதிவுத் தேதியை. அவருக்கு அதில் கோபம் வரவில்லை. பழைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் இப்படிக் காது கொடுக்க ஆள் கிடையாது. டெல்லியின் குளிர்காலப் புகைமூட்டத்தில் இருமுபவர்களில் அவர் மனைவியும் ஒருவர்.

சில வாரங்களில் தடையில்லாச் சான்று வாங்கி, காரைக் கோவையிலிருந்த தம்பிக்கு அனுப்பிவைத்தார். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதி செய்தபோது, டெல்லியில் அவரிடம் காரே இல்லை.

அனுப்புவதற்கு முந்தைய நாள் கடைசியாக மலை மந்திருக்குப் போனார்கள். ஐடிஓவில் சிவப்பு விளக்கு. இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. "இப்போ நல்லாத்தானே இருக்கு?" என்றார் மனைவி. அன்றும் அவர் பதில் சொல்லவில்லை.