ஹந்தானையில் ஓர் இளவேனில்

குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்த தொல்காப்பியர், இளவேனிலை அதற்கு உரியதாக்கவில்லை. அவர் கண்ட மலை வேறு. எனினும் பங்குனி, சித்திரை மாதங்களைப் பேராதனை வளாகத்திற் கழித்த எவரும் அவ்வகுப்பை மனமுவந்து ஏற்பர். காலையிற் கண்ணாடியெனத் துலங்கும் ஹந்தானைத் தொடர் நண்பகலில் முகிலுக்குள் மறையும். பிற்பகலில் இடி முழங்கும். மாலையில் ஏதும் நிகழாதது போன்று மீண்டும் வெயில் காயும்.

இதற்குக் காரணம் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற் பருவக்காற்றுத் தொடங்குவதற்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களில் இத்தீவின்மீது நிலையான காற்று எதுவும் ஆட்சி செய்வதில்லை. காலை வெயிலிற் சரிவுகள் சூடேற, ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து இடிமுகிலாகத் திரள்கின்றது. புவியியலார் இதனை மேற்காவுகை மழை என்பர். இலங்கையில் மின்னல் மிகுந்த காலங்களுள் இதுவும் ஒன்றாகும். ஆனால் மாணவர் மலையேறப் புறப்படுவதும் இக்காலத்திலேதான். புத்தாண்டு விடுமுறை அண்மிக்கின்றது, அட்டைகளும் குறைவு, காலை வானமோ எவரையும் ஏமாற்றவல்லது.

அத்தகைய ஒரு சனிக்கிழமையில் கலைப்பீட மாணவர் எண்மர் புறப்பட்டனர். ஐவர் ஆடவர், மூவர் பெண்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவரே தலைவர். நான்கு ஆண்டுகளாக விடுதி யன்னலூடாகப் பார்த்த மலையை ஏறாமற் பட்டம் பெற்றுச் செல்வதில்லை என்பது அவருடைய சபதம். யாழ்ப்பாணத்தவர் மூவர். கீரிமலையைத் தவிர வேறு மலை அறியாதவர்கள். கீரிமலையோ பெயரளவில் மட்டுமே மலை. மட்டக்களப்பிலிருந்து இருவர், மன்னாரிலிருந்து ஒருவர். எஞ்சிய ஒருத்தி, ஹற்றனுக்கு அருகேயுள்ள தோட்டமொன்றிலிருந்து வந்த முதலாமாண்டு மாணவி. பாணும் சம்பலும், நான்கு குடைகள், ஒரு பொதி உப்பு: இவையே பயணச் சாமான்கள்.

வளாகம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது; ஹந்தானையின் முகடுகள் 1,000 மீற்றரைக் கடந்து நிற்பவை. பைன் மரங்களுக்கிடையே ஏறுவது எளிதாகத் தோன்றினும், உதிர்ந்த ஊசியிலைகள் சப்பாத்துக்கு அடியில் வழுக்கின. அதற்கு மேலே இடுப்பளவு மானாப்புல். கீழே மகாவலி வளைந்து கிடந்தது. வடகிழக்கே நக்கிள்ஸ் தொடர் நீலமாய்த் தெரிந்தது. தேயிலைச் சரிவுகளைக் கண்ட ஒருவர், "பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கு" என்றார். மலையகத்து மாணவி சிரித்தாள். "அந்தக் கம்பளத்துல நடந்து பாருங்க அண்ணா, கால் முட்டியெல்லாம் கிழிஞ்சிரும்" என்றாள்.

அச்சிரிப்பை எளிதாகக் கடந்துவிடுதல் தகாது. 1969இல் வெளிவந்த 'ஹந்தானே கதாவ' திரைப்படம் தொட்டு இம்மலை பல்கலைக்கழகக் காதலின் பின்னணியாகவே எண்ணப்பட்டு வருகின்றது. தமிழ் மாணவர் எழுதும் கவிதைகளிலும் பனிமூட்டம் உண்டு, காதலி உண்டு. கொழுந்துக் கூடையைக் காண்பது அரிது. கோப்பிக் காலத்திற் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை ஊடாக இம்மலைகளுக்கு நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் பலர். மலையேற்றம் என்பது ஒரு சாராருக்கு விடுமுறைநாட் பொழுதுபோக்கு. மற்றொரு சாராருக்கு அது நாட்சம்பளத்துக்கான வேலை.

தோட்ட எல்லையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் அவர்களை நிறுத்தினார். "மேல போறதுன்னா போங்க தம்பி. ஒரு மணிக்கு முன்ன எறங்கிருங்க. ரெண்டு மணிக்கெல்லாம் இடி வந்துரும்." தலைவர் மரியாதையாகத் தலையசைத்தார். வானத்தில் அப்பொழுது ஒரு முகிற்கீற்றுக்கூட இல்லை.

பன்னிரண்டரை மணிக்கு முகடு நேரெதிரே தெரிந்தது. இன்னும் இருபது நிமிட நடை. அவ்வேளையில் மூடுபனி அடிவாரத்திலிருந்து மேலேறி வந்தது. ஐந்து நிமிடங்களில் முன்னே செல்பவரின் முதுகு மறைந்தது. மறு ஐந்து நிமிடங்களில் திரை விலகி, முகடு முன்னிலும் அண்மையில் வெயிலில் மின்னியது. இம்மாயந்தான் ஆபத்தானது. மலை மறைந்தே கிடந்தால் எவரும் திரும்பிவிடுவர்.

முதல் மின்னல் மேற்கே தோன்றியது. மாணவி எண்ணத் தொடங்கினாள். பதினெட்டு வரை எண்ணியபின் முழக்கம் கேட்டது. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ மூன்று வினாடி எடுக்கும். ஆகவே ஆறு கிலோமீற்றர். "இறங்குவோம்" என்றாள். தலைவர் மறுத்தார். "இவ்வளவு தூரம் வந்திட்டம். இன்னும் கொஞ்சந்தான்." யாழ்ப்பாணத்து மாணவர் இருவர் அவர் பக்கம் நின்றனர். வாக்குவாதம் நீண்டது, அதனிடையே ஒரு சொல்லும் வந்து விழுந்தது: "தோட்டத்துப் பிள்ளை இடிக்குப் பயப்பிடலாமோ?" அவள் கோபிக்கவில்லை. "தோட்டத்துப் பிள்ளைங்கறதாலதான் பயப்படுறேன். எங்க தோட்டத்துல மின்னல் அடிச்சு செத்தவங்களப் பாத்திருக்கேன்" என்றாள்.

அடுத்த மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே ஒன்பதே வினாடிகள். எவரும் அதன்பின் வாதிடவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தபோது ஏழு பேரே நின்றனர். வாக்குவாதம் பொறுக்காத மன்னார் மாணவர் தனியே மேலேறிவிட்டிருந்தார். பனி மீண்டும் மூடியிருந்தது. பெயர் சொல்லி அழைத்தனர். மறுமொழி இல்லை. தலைவரின் முகம் வெளிறியது. அவள் கைகளை வாயருகே குவித்து, மலைக்கு மலை ஆளை அழைக்கும் தோட்டத்துக் கூவலை எழுப்பினாள்: சொல்லற்ற, நீண்ட ஓசை. மூன்றாம் முறை மேலிருந்து எதிரொலி போன்று ஒன்று கேட்டது. தலைவரே ஏறிச்சென்று அவரைக் கையில் பிடித்து அழைத்து வந்தார். கால்மணி நேரத்துக்குள் முடிந்த அது, காத்து நின்றோருக்கு மிக நீண்டிருந்தது.

குடைகளை மடக்கி, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, தனிமரங்களைத் தவிர்த்து இறங்குமாறு அவள் சொல்ல, தலைவர் அதனைப் பின்னால் வருவோருக்கு அறிவித்தார். மழை கல்லெறிவது போலப் பொழிந்தது. காலையில் ஏறிவந்த ஓடைவழி செந்நீர் பாய்ந்து கிடந்தமையால், சரிவைச் சுற்றியே இறங்க நேர்ந்தது. பின்னே, அவர்கள் விட்டுவந்த முகட்டின் திசையில், ஒளியும் ஓசையும் ஒருங்கே வந்தன. எண்ணுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

மாலை மூன்றரை மணிக்கு லயன் ஒன்றின் வாசலில் எண்மரும் நின்றனர். விறகு பொறுக்கிய அதே மூதாட்டி எதுவும் கேளாமல் அடுப்பை மூட்டி, இஞ்சி தட்டிப் போட்ட தேநீரைக் கொடுத்தார். பேரப்பிள்ளைகள் இருவர் பெண்களின் கால்களிலிருந்த அட்டைகளை உப்பிட்டு உதிர்த்தனர். பொதியிலிருந்த உப்போ மழையிற் கரைந்து போயிருந்தது. தலைவர் முதலாமாண்டு மாணவிக்கு ஏதோ சொல்ல முயன்றார். அவளோ மூதாட்டியிடம் இவ்வாண்டுக் கொழுந்து நிலவரத்தை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"மேல என்னதான் பாக்கப் போனீங்க?" என்று மூதாட்டி கேட்டார்.

ஒருவரும் விடை சொல்லவில்லை. சற்றுப் பொறுத்துத் தலைவர், "மேல நிண்டு எங்கட வளாகத்தைப் பாக்கலாமெண்டு" என்றார். மூதாட்டி வாசலுக்கு வெளியே கையை நீட்டினார். மழை விட்டிருந்தது. பேராதனையின் கூரைகள் வெயிலில் பளபளத்தன.