விருந்தும் ஓம்பலும்

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் இன்று திருமண வரவேற்புகளில் தோசைக்கொரு மேசை, செண்டோலுக்கொரு மேசை, தே தாரிக்குக்கொரு மேசை எனத் தனித்தனியே அணிவகுக்கின்றன. வேண்டியதை வேண்டிய அளவே எடுத்துக்கொள்ளலாம். இதனை நான் பழிக்கமாட்டேன். 'விருந்து' என்பதற்கே புதுமை என்பது பொருள். தொல்காப்பியர் அப்பொருளில் அச்சொல்லை ஆண்டுள்ளார். ஆயின், திருக்குறளின் 9ஆம் அதிகாரம் வெறும் விருந்தன்று, 'விருந்தோம்பல்'. ஓம்பல் என்பது பேணுதல்.

பந்தியில் பரிமாறுவோர் இலையைப் பார்த்தே பசியறிவர். தட்டேந்தி வரிசையில் நிற்கும் மூதாட்டியின் கால்வலியை மேசை அறியுமோ? ஆகவே, மாணவர்தம் மணவிழாக்களில் நான் வேண்டுவது ஒன்றே: மேசைகள் இருக்கட்டும், முதியோரை அமர்த்தி, இலையிட்டு, வீட்டுப் பிள்ளைகளே பரிமாறட்டும். வகுப்பில் சொல்லாகக் கற்ற ஓம்பல் அங்கே செயலாகும்.