பருந்துக்கும் லென்ஸுக்கும் நடுவே

வேட்டைப் பறவைகளைப் படமெடுக்கத் தொடங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக லென்ஸைப் பற்றியதாகவே இருக்கும். 400 மில்லிமீட்டர் போதுமா, 600 வேண்டுமா? டாம்ரான் 2013இல் அறிவித்த 150–600 ஜூமும், நிகான் 2015இல் கொண்டுவந்த 200–500 ஜூமும், அதுவரை பெரும்பாலும் பல லட்சம் விலையுள்ள லென்ஸ்களே எட்டிய தொலைவை நடுத்தரச் சம்பளக்காரருக்கும் திறந்துவிட்டன. இருந்தும் படங்கள் மங்கலாகவே வருகின்றன. பழி லென்ஸின் மேல் விழுகிறது. எனக்கோ, காரணம் பெரும்பாலும் லென்ஸுக்கு வெளியே, பறவைக்கும் நமக்கும் இடைப்பட்ட வெளியில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குக் குளிர்காலத்தில் வலசை வரும் சேற்றுப் பூனைப்பருந்தை எடுத்துக்கொள்வோம். இறக்கையை விரித்தால் ஏறத்தாழ 1.2 மீட்டர். 60 மீட்டர் தொலைவில் அது நம்மை நோக்கி முழுதும் விரிந்து நின்றாலும், 600 மி.மீ. லென்ஸ் வழியே சென்சரில் விழும் பிம்பம் 12 மி.மீ. தான்; 36 மி.மீ. அகலமுள்ள சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது பரவாயில்லை. ஆனால் அந்த 60 மீட்டரும் காற்றால் நிரம்பியது. துரைப்பாக்கம் – பல்லாவரம் சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெயில் ஏற ஏறத் தாரிலிருந்தும் காய்ந்த கரையிலிருந்தும் எழும் வெப்பம் தொலைவில் உள்ள எல்லாவற்றையும் நெளியவைக்கிறது. காற்றே நெளியும்போது எத்தனை விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியும் உதவாது. மென்பொருளில் கூராக்கினால் கூராவது அந்த நெளிவுதான். ஆகவே முதல் பாடம் கடிகாரத்தைச் சார்ந்தது. பொழுது விடிந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரமே நம்முடையது.

இரண்டாவது, அசைவு. குவியத் தொலைவு 600 என்றால் ஷட்டர் வேகம் 1/600 போதும் என்ற பழைய விதி, நம் கை நடுக்கத்துக்காகச் சொல்லப்பட்டது. லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கத்தடுப்பு வசதியும் நம் கையை மட்டுமே அறியும், பறவையை அறியாது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் பருந்தின் பிம்பம், நாம் காமிராவை அசைக்காமல் வைத்திருந்தால், அதே 60 மீட்டரில் சென்சரின் மீது வினாடிக்கு 100 மி.மீ. ஓடும். 1/2000 வினாடியில்கூட 0.05 மி.மீ.; அதாவது பத்துப் பன்னிரண்டு பிக்சல்களுக்கு இழுபட்டுவிடும். எனவே காமிராவும் பறவையோடு ஒரே சீராகத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் உடலும் தலையும் நிற்கும். இறக்கை நுனியை நிறுத்தவே அந்த 1/2000. ஜூமின் நீள் முனையில் அபெர்ச்சரை 6.3இலிருந்து 8க்குக் குறைப்பதும் பெரும்பாலும் நன்மை தரும்.

அருகே வந்தால் இன்னொரு சிக்கல். 30 மீட்டரில் 6.3 அபெர்ச்சரில் தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் 1 மீட்டர். 10 மீட்டரில் அதுவே ஒரு சாண்கூடத் தேறாது. அலகு நுனி தெளிந்து கண் கலங்கினால் படம் செத்துவிடுகிறது. 2020க்குப் பின் வந்த காமிராக்கள் சில பறவையின் கண்ணைத் தாமே தேடிப் பற்றுகின்றன. ஆனால் பூனைப்பருந்து வேட்டையின்போது முகத்தைக் கவிழ்த்துக்கொண்டே பறக்கும். ஆந்தையை ஒத்த முகவட்டு அதற்கு. புல்லுக்குள் எழும் ஓசையையும் கேட்டு வேட்டையாடும் பறவை. அது தலையைத் திருப்பும் கணத்துக்கு நாம்தான் காத்திருக்க வேண்டும்.

சட்டக ஒழுங்கும் இந்தக் காத்திருத்தலின் நீட்சியே. பறவை போகும் திசையில் இடம் விடுக என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. பார்ப்பவரின் கண் பறவையோடு சேர்ந்து அந்த வெற்றிடத்துக்குள் பறக்கிறது. உச்சிவெயிலில் அடிவயிறு கறுத்துவிடும். சாய்ந்த காலையொளியோ நீரில் பட்டு எதிரொளித்து இறக்கையின் அடிப்புறத்தையும் மெல்ல ஏற்றிக் காட்டும். பூனைப்பருந்து ஒரே கோரை விளிம்பை மீண்டும் மீண்டும் தாழப் பறந்து துழாவும் இயல்புடையது. கதிரவனை முதுகில் வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றால் அதுவே நம் கண்மட்டத்துக்கு வரும்.

வராத நாட்களில்தான் சோதனை. தூரத்தைப் பாதியாக்கினால் பிம்பத்தின் பரப்பு நான்கு மடங்காகும் என்ற கணக்கு எல்லோரையும் கோரைக்குள் இறங்கத் தூண்டும். ஆஸ்திரேலியாவின் ஆப்புவால் கழுகின் பார்வைக் கூர்மை மனிதனுடையதைப் போல இரு மடங்குக்கும் மேல் என்று அளந்து கண்டிருக்கிறார்கள். வேட்டைப் பறவை நம்மைப் பார்க்க 600 மி.மீ. தேவைப்படுவதில்லை. இறங்குகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் எழுந்தோடும் முதுகு. பறவைக்கோ ஒரு வேளை வேட்டை இழப்பு. கூட்டருகே என்றால் இழப்பு குஞ்சுகளுடையது. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் எரிக் ஹாஸ்கிங் 1937இல் ஆந்தையொன்றின் கூட்டருகே அதன் தாக்குதலில் ஒரு கண்ணை இழந்தார். பறவையின் தரப்பும் பேசப்பட்ட அரிய தருணம் அது. பெரும்பாலான பறவைகள் வாய்திறவாமல் கூட்டைக் கைவிட்டுப் போய்விடுகின்றன.

மா. கிருஷ்ணன் வெவ்வேறு பாகங்களைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்ட காமிராவால், கறுப்பு வெள்ளையில் மட்டுமே கானுயிர்களைப் படமெடுத்தார். இன்றைய கருவிகளின் வசதி எதுவும் அவருக்கு இல்லை. விலங்கின் போக்கை அறிந்து காத்திருக்கும் அறிவு இருந்தது. அ. மாதவையாவின் மகனான அவரைத் தமிழில் எழுதியவராக நாம் அறிவோம். அவருடைய உரைநடையின் நிதானமும் படங்களின் நிதானமும் வேறுவேறல்ல என்றே நினைக்கிறேன்.

ஜூம் லென்ஸில் எனக்குப் பிடித்த வசதி, அதைப் பின்னுக்கும் இழுக்க முடிவது. 600இல் பருந்தும் வானமும் மட்டுமே. 200க்கு வந்தால் கோரை தெரிகிறது. அதன் பின்னால் அடுக்குமாடிகள், மின்கோபுரங்கள். 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இச்சதுப்புநிலம் எவற்றின் நடுவே மூச்சுவிடுகிறது என்பது அப்போதுதான் சட்டகத்துக்குள் வருகிறது. பறவை விரற்கடை அளவாகிவிடும். இறகுகளை எண்ண முடியாது. ஆயினும் அதற்கு இனி எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்பதை அந்தப் படம்தான் தெளிவாகச் சொல்கிறது.