வையை மணலில் வண்டிக் குடித்தனம்

பரவை என்றால் கடல். மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் பாதையில், வையை நதிக்கு வடபால் உள்ள அப்பெயர் கொண்ட ஊரிலே கடலைக் காண முடியாது. ஆயினும் சித்திரை மாதம் வளர்பிறையில் ஒரு ஜன சமுத்திரம் இவ்வழியே மதுரையை நோக்கிப் பெருகிச் சென்ற காலம் உண்டு. சோழவந்தான் பக்கத்துக் குடியானவர்கள் கூண்டு வண்டி கட்டி, குஞ்சு குழந்தைகளோடும், அரிசி மூட்டையோடும், மாட்டுக்கு வேண்டிய வைக்கோலோடும், அழகரைச் சேவிக்கப் புறப்பட்டுவிடுவார்கள். சத்திரம் தேடும் கவலை அவர்களுக்கில்லை. வண்டியே வீடு, ஆறே ஊர்!

அமெரிக்கா தேசத்தில் இப்போது படுக்கையும் அடுப்பும் அமைந்த மோட்டார் வண்டிகளிலே பாலைவனத்துக்குச் சென்று, வாடகையின்றித் தங்குவது பெரிய மோகமாயிருக்கிறது. அந்நாட்டு நில நிர்வாக இலாகாவின் வசம் சுமார் 24 கோடி ஏக்கர் பொது நிலம் இருக்கிறது. அதன் பெரும்பகுதியில் எவரும் 28 நாட்களுக்குள் 14 நாட்கள் வரை இலவசமாக இறங்கலாம். குழாய் கிடையாது, விளக்குக் கிடையாது. எல்லாம் கையோடு கொண்டு போக வேண்டியதுதான். இதைப் புதுமை என்று வியக்கும் நம்மவர், நம் பாட்டன்மார் வையை மணலிலே இதையேதான் செய்தார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்த மணல் குடித்தனத்தின் நேர்த்தியைச் சற்றுச் சொல்ல வேண்டும். வண்டியை அவிழ்த்து, நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். காளைகள் சக்கரத்தோடு கட்டப்படும். வண்டிக்கு அடியில் வைக்கோலைப் பரப்பி ஜமுக்காளத்தை விரித்தால் அதுவே படுக்கையறை. நாலடி தள்ளி மூன்று கல், அது சமையலறை. தண்ணீருக்கு? அங்கேதான் நதியின் பெருமை விளங்கும். மேலே பொட்டலாய்க் காய்ந்து கிடக்கும் சித்திரை மாதத்திலும், கையால் மணலைத் தோண்டினால் ஊற்று சுரக்கும். முதலில் கலங்கலாக வரும் நீரை அகப்பையால் இறைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால் பளிங்குபோல் தெளிந்துவிடும். நிலா வெளிச்சத்தில் பெண்டிர் ஊற்றைச் சுற்றி அமர்ந்து குடம் நிரப்புவார்கள். சம்பந்தம் பேசி முடித்ததும் அந்த ஊற்றங்கரையிலேதான்! மறுநாள் விடியலில் கள்ளழகர் தங்கக் குதிரையில் எழுந்தருளும்போது, சர்க்கரைச் செம்பில் கர்ப்பூரம் ஏற்றிக் காட்டுவார்கள். தோப்பறை சுமந்தவர்கள் நீரைப் பீச்சிச் சுவாமியைக் குளிர்விப்பார்கள்.

ஆதியில் அழகர் ஆற்றில் இறங்கியது மதுரையில் அன்று. பரவைக்கு மேற்கே, சமயநல்லூருக்கு அப்பால் உள்ள தேனூரிலே என்பது ஊர் வழக்கு. திருமலை நாயக்கர் (1623–1659) மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூர் விழாவை அதனோடு இணைத்தார் என்பார்கள். மாசி அறுவடைக் காலம். ஆளும் ஓயாது, மாடும் ஓயாது. சித்திரையில் வண்டிக்கு ஓய்வுண்டு. ராஜாவானாலும் மாட்டின் சௌகரியத்தைப் பார்த்துத்தான் திருவிழாவுக்கு நாள் குறிக்க வேண்டியிருந்தது போலும்! வண்டியூரில் அழகர் மண்டூக மகரிஷிக்கு மோக்ஷம் அளிக்கும் மண்டபம் இன்றும் தேனூர் மண்டபம் என்றே வழங்குகிறது.

1905-ம் வருஷத்தில் சென்னை ராஜதானியில் இயற்றப்பட்ட 3-வது சட்டம், ஆற்றுப் படுகையும் ஏரியும் பொதுப் பாதையும் சர்க்கார் சொத்து என்று கூறிற்று. ஆக்கிரமிப்பைத் தடுக்கவென்று அந்நியர் செய்த அச்சட்டம் 1947-க்குப் பின்னும் நீங்கவில்லை. இன்றும் அமலில் இருக்கிறது. ஆனால் ஆறு எங்கே? இரண்டிரவு தங்கிச் சாம்பலை மட்டும் விட்டுப்போன குடியானவனால் அதற்கு ஒரு பிடி மணல்கூடக் குறையவில்லை. மணலை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனவர்கள் வேறு. மணல் போன இடத்தில் கருவேலும் சாக்கடையும் புகுந்தன, ஊற்று மறைந்தது. 1959-ல் கட்டி முடிக்கப்பட்ட வைகை அணையிலிருந்து திருவிழாவுக்கென்று நீரைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. நகரத்துக்குள் இரு கரையிலும் சுவரும் சாலையும் எழும்பி ஆற்றை நெருக்குகின்றன. ஜனங்களோ குறைந்தபாடில்லை. கொள்ளை நோயால் 2020-லும் 2021-லும் நின்றுபோன வைபவம் 2022 ஏப்ரல் 16-ல் மீண்டும் நடந்தபோது, நெரிசலில் இருவர் உயிரிழந்தார்கள்.

மாட்டு வண்டிப் பிரயாணம் அடியோடு போய்விடவில்லை. ஆடிப் பௌர்ணமித் தேருக்கு அழகர்கோயில் நோக்கி வண்டி கட்டி வரும் தென்பாண்டிக் கிராமத்தார் இன்றும் உண்டு. சித்திரைக்கு வருவோர் டிராக்டரிலும் சிறு லாரியிலும் வந்து, கடைவாசலிலும் பாலத்தடியிலும் பிள்ளைகளைப் படுக்க வைக்கிறார்கள். பரவையிலிருந்து வண்டியூர் வரையில் வையைக் கரையோரமுள்ள புறம்போக்கில் நாலைந்து இடங்களை அளந்து கல் நட்டு, குடிதண்ணீரும் கழிப்பிடமும் அமைத்து, திருவிழாக் காலத்துக்கு வண்டிப்பேட்டையாக விடுவது ஜில்லா அதிகாரிகளுக்கு ஆகாத காரியமன்று. அடுத்த சித்திரைக்கு முன் இன்னும் ஓர் அறுவடை இருக்கிறது.